குறையே இல்லாத மாவட்டம்

நொய்யல் மாவட்டத்து மனிதர்கள் குறை சொல்வதை நிறுத்தி ஏழு வருஷம் ஆகிவிட்டது. அவர்கள் எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாயைத் திறப்பதற்குள் அரசாங்கம் கையில் காசைத் திணித்துவிடுகிறது, பிறகு எங்கே சொல்வது?

அதற்கு முந்தைய காலத்தைப் பூங்கோதை பார்த்திருக்கிறாள். நுகர்வோர் நலக் காப்பகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்றாம் நாளே புகைந்த மிக்சிக்கு ஒரு மனு, மனுவுக்கு மூன்று நகல், கடைக்காரருக்கு நோட்டீஸ், வாய்தா, மறுவாய்தா என்று இழுத்தடித்துத் தீர்ப்பு வருவதற்குள், அந்த மிக்சியைச் சீராகக் கொண்டுபோன பெண்ணுக்கு இரண்டு பிள்ளை பிறந்து மூத்தது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். அப்புறம்தான் முன்னீடு வந்தது. யார் எந்தப் பொருளை வாங்கினாலும் காப்பகத்தின் இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். இந்த வியாபாரத்தால் பின்னால் தொல்லை வரும் என்று அதற்குப் பட்டால், தொல்லை வருவதற்கு முன்பே விலையை வாங்கியவர் கணக்கில் போட்டு, ஃபோனுக்கு ஒரு மெசேஜும் அனுப்பிவிடும். காசு போய்ச் சேர்ந்தால் விவகாரம் முடிந்தது. அதற்கு மேல் அந்தப் பொருளைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது என்பது சட்டம்.

ஜனங்கள் இதைத் தங்கள் வழிக்கு வளைத்துக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. வருகிற மெசேஜ் பெரும்பாலும் நாற்பது நாளுக்குள் வந்துவிடுகிறது என்று கண்டுகொண்டார்கள். ஆகவே நாற்பத்தோராம் நாள் காலையில் ஃப்ரிட்ஜுக்கும் மோட்டாருக்கும் ஸ்கூட்டருக்கும் சந்தனம் தொட்டு வைத்துக் குங்குமம் இட்டார்கள். அதற்குத் தாண்டுபொட்டு என்று ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். பொட்டு வைத்த பொருள் கெடாது. பழைய வண்டி விற்கிறவன்கூட, "பொட்டு வெச்ச வண்டிங்க" என்று சொல்லி இரண்டாயிரம் ஏற்றிக் கேட்பான்.

பூங்கோதையும் வைத்தாள். போன ஆவணியில் அவள் புருஷன் சென்னியப்பனுக்கு நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றினார்கள். நாற்பது நாளும் அவள் ஃபோனைக் கையை விட்டு இறக்கவில்லை. குளிக்கப் போனால்கூட ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத்தான் குளித்தாள். நாற்பத்தோராம் நாள் விடிந்ததும் புருஷன் சட்டைப் பொத்தானைக் கழற்றி, தழும்புக்கு மேலே சந்தனத்தை வைத்து, "மெசேஜ் வரலீங்க மாமா. நல்ல வால்வுதான். இனி ஒண்ணும் வெசனமில்ல" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். சென்னியப்பன் சிரித்தான். போர்வைக் கடையில் இருபத்திரண்டு வருஷமாகப் போர்வையை விரித்துக் காட்டி மடித்து வைக்கிறவன் அவன். நாற்பது போர்வையை விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களைக்கூட வாசல் வரை வந்து வழியனுப்புவான்.

பங்குனி மாதம் ஒரு திங்கட்கிழமை, ரோடு காண்ட்ராக்டர் ஈஸ்வரமூர்த்தி காப்பகத்துக்குள் நுழைந்து, ஃபோனைப் பூங்கோதையின் மேஜைமேல் தூக்கிப் போட்டார்.

"நான் எப்பச் சாவேன் அம்மணி? அத மட்டும் சொல்லு."

ஒரு மாதத்துக்கு முன் வைத்த இதய வால்வுக்கு முன்னீடு வந்திருந்தது. முழு விலையும் கணக்கில் ஏறியிருந்தது. மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது.

"பயப்படாதீங்க. வால்வுல கோளாறு வரலாம்னு முன்கூட்டியே சொல்லியிருக்குது, அவ்வளவுதான். இந்த மெசேஜ ஆஸ்பத்திரில காட்டினா செலவில்லாம மாத்திக் குடுப்பாங்க" என்றாள் பூங்கோதை. இப்படிச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் பழகிவிட்டது.

அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றார். மின்விசிறி சத்தம் போடுகிறது, நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, லிஃப்டில் கண்ணாடி இல்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு, வந்ததைவிடக் கொஞ்சம் தெளிவாகப் போனார்.

அவர் போன பிறகு பூங்கோதை அந்தக் கோப்பைத் திறந்தாள். சும்மாதான் திறந்தாள். வால்வு பதினேழாம் தொகுதி. ஒரே ஆஸ்பத்திரி, இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வைத்திருக்கிறார்கள். அதில் பதினொரு பேருக்கு முன்னீடு போயிருக்கிறது. அவள் தன் புருஷன் பெயரைத் தட்டிப் பார்த்தாள். பதினேழாம் தொகுதி என்று வந்தது.

அவருக்குத்தான் மெசேஜ் வரவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடி வைத்தாள்.

மறுநாள் ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் ராமாத்தாள் என்றார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"தொந்தரவு பண்ண வரலீங். ஒரு வெவரம் கேக்கோணும்."

"உக்காந்து சொல்லுங்கம்மா."

"எங்கூட்டுக்காரரு மஞ்ச மண்டில மூட்ட எறக்கறவருங். மாரப்பன்னு பேரு. நெஞ்சுல வால்வு வெச்சிருந்துதுங். வெச்சதுக்கப்பறம் மேஸ்திரி லேசான சோலிதான் குடுத்தாரு. போன வெசாழக்கெழம மண்டிலயே சாஞ்சுட்டாருங்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மெசேஜ் வரலீங். பொட்டுக்கூட வெச்சமுங். நடுவுல ஃபோன் கெட்டுப்போயி நெம்பர மாத்திட்டமுங். ஒருவேள பழைய நெம்பருக்கு வந்து, நாங்கதான் பாக்காம உட்டுட்டமோ என்னமோ. அத மட்டும் பாத்துச் சொல்லுங். காசுக்காகக் கேக்கலீங். நாங்க பாக்காம உட்டுத்தான் அவரு போனாருன்னா, அது எனக்குத் தெரியோணுமில்லீங்."

பூங்கோதை இரண்டு எண்களையும் போட்டுப் பார்த்தாள். ஒரு தடவை தப்பாக அழுத்தித் திரும்பவும் போட்டாள். எதற்கும் எதுவும் போகவில்லை. தொகுதி எண் பதினேழு.

"எந்த நெம்பருக்கும் மெசேஜ் அனுப்பலீங்கம்மா."

ராமாத்தாளின் முகம் தெளிந்தது. "அப்ப எங்க தப்பில்லீங்களே" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். வந்து கத்தியிருந்தால் பூங்கோதை தாங்கியிருப்பாள். அந்தக் கும்பிடைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து விறுவிறுவென்று இரண்டாம் மாடிக்குப் படியேறினாள்.

இரண்டாம் மாடியில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற பெனாசிர் இருந்தாள். முப்பது வயதுக்காரி, வேகமாகப் பேசுவாள், யாரையும் அக்கா அண்ணா என்று ஒரே நாளில் சொந்தமாக்கிக்கொள்வாள். பூங்கோதை நின்றபடியே கேட்டாள்.

"அந்த வால்வுல கோளாறுன்னு மெஷினுக்குத் தெரிஞ்சுதானே பதினொரு பேருக்குக் காசு அனுப்பிச்சுது? அப்பறம் மாரப்பனுக்கு ஏன் அனுப்பல?"

பெனாசிர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். அது அவள் வழக்கமில்லை.

"மெஷினுக்கு வால்வப் பத்தி ஒண்ணுமே தெரியாதுக்கா."

"என்ன புள்ள சொல்ற?"

"நாம அதுக்கு என்ன சொல்லிக்குடுத்தோம்? இருவது வருஷத்துக் கம்ப்ளெயின்ட் எல்லாத்தையும் கொட்டி, எந்த வியாபாரம் கம்ப்ளெயின்ட்ல போய் முடியும்னு கண்டுபுடின்னோம். பொருளப் பாத்துக் கண்டுபுடிக்கறது கஷ்டம். ஆளப் பாத்துக் கண்டுபுடிக்கறது சுலபம். அது சுலபமானதக் கத்துக்கிச்சு. முன்னீடு வர்றதுக்கு முன்ன ஈஸ்வரமூர்த்தி குடுத்த கம்ப்ளெயின்ட் மட்டும் அறுபத்தி மூணு இருக்குது. அவர் குண்டூசி வாங்கினாலும் மெசேஜ் போகும்."

"மாரப்பன் குடுத்தது?"

"ஒண்ணுமில்ல. ரேசன்ல புழுத்த அரிசியப் போட்டாலும் வாங்கிட்டுப் போற ஆளா இருந்திருப்பாரு. அவரு குறை சொல்ல மாட்டாருன்னு மெஷின் சொல்லுச்சு. சொன்ன மாதிரியே அவரும் சொல்லலியே."

"செத்துப்போயிட்டாரு பெனாசிர்!"

"செத்தவங்க கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டாங்கக்கா. மெஷின் கணக்குல அது குறையில்லாத வால்வு."

பூங்கோதை பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப அந்தப் பதினொரு பேரு?"

"மெசேஜப் பாத்துப் பயந்து ஓடிப் போய் மாத்திக்கிட்டாங்க. எடுத்த வால்வக் கம்பெனிக்காரங்களே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. அதுல கோளாறு இருந்துச்சா இல்லியான்னு யாரும் திருப்பிப் பாக்கல. வாய் இருக்கறவங்க பொழச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான்."

"மேல சொல்லலியா நீயி?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்ன எழுதிக் குடுத்தேன். உங்க மாவட்டத்துல குறை எண்ணிக்கை சைபர், அங்க என்ன பிரச்சினைன்னு கேட்டுப் பதில் வந்துச்சு." பெனாசிர் தலையைக் குனிந்துகொண்டாள். "அதுக்கப்பறம் நானும் உட்டுட்டேன்க்கா. எனக்கும் லோன் இருக்குது."

மாவட்ட அலுவலர் திருஞானம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் பூங்கோதைக்குச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும். குறையில்லா மாவட்டம் என்று வெள்ளிக்கிழமை அமைச்சர் கையால் கேடயம் வாங்கப் போகிறவர், அதற்கான பேச்சைப் பேப்பரில் அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சட்டத்தச் சொல்றேன், கேட்டுக்குங்க. ஒரே ஒரு குறை பதிவாகி, அதுக்குக் குறை எண் விழுந்தாப் போதும். எழுவத்திரண்டு மணி நேரத்துக்குள்ள அந்தத் தொகுதி முழுக்கச் சோதிச்சாகணும். அத்தன பேரையும் ஆஸ்பத்திரி கூப்பிட்டாகணும். ஆனா குறைய யார் சொல்றது? முன்னீடு வாங்கின பதினொரு பேரு சொல்ல முடியாது. செத்தவர் சொல்ல முடியாது. அவர் சம்சாரம் சொன்னாச் செல்லாது, ஏன்னா வாங்கினது அவரு. மிச்சம் இருக்கறவங்கள்ல ஒருத்தர், கூண்டுல உக்காந்து, தன் வாயால தன் குறையச் சொல்லணும்."

கூண்டு என்றால் கீழே வரவேற்புக் கூடத்து மூலையில் இருக்கிற கண்ணாடி அறை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு திரை. ஏழு வருஷமாக அதைத் துடைக்கிறவரைத் தவிர வேறு யாரும் உள்ளே போனதில்லை.

"எங்கூட்டுக்காரருக்கும் அதே வால்வுதான் சார்" என்றாள் பூங்கோதை.

திருஞானம் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது. "அப்ப நீங்க இதுல கையே வெக்கக் கூடாதும்மா. மெஷின் வேலை செய்யலைன்னா அலுவலர் கைப்பட எழுதி வாங்கலாம்னு ஒரு விதி இருக்குது. சொந்தக்காரங்க குறைய வாங்கினா வேலை போயிரும்னு அடுத்த வரியிலயே இன்னொண்ணு இருக்குது. ரெண்டையும் படிச்சுக்குங்க. எனக்கு இதுக்கு மேல ஒண்ணும் தெரியாது."

அன்று சாயங்காலம் பூங்கோதை ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தாள். எடுத்த பெண் பணிவாகத்தான் பேசினாள்.

"மெசேஜ் வந்திருக்குதுங்களா மேடம்?"

"இல்ல."

"அப்ப வால்வு நல்லாத்தான் இருக்கும். நீங்க வெசனப்படாதீங்க. மெசேஜோ குறை எண்ணோ இருந்தா இன்னிக்கே அட்மிஷன் போட்டுருவேன். இல்லீன்னா ஸ்கேனுக்கு ஆனி மாசம்தான் எடம் இருக்குது."

ஊரில் எத்தனையோ பேருக்குத் தானே சொன்ன வாசகத்தை இன்னொருத்தி வாயால் கேட்டதும் பூங்கோதைக்கு ஃபோனைச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

சென்னியப்பன் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள்.

"மாமா, உங்களுக்கு மூச்சு வாங்குதா?"

"இல்லியே."

"நெஞ்சு படபடன்னு வருதா? காலு வீங்குதா?"

"நல்லாத்தான் இருக்கறேன். வந்ததும் வராததுமா என்ன இது?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வால்வு, தொகுதி, மெஷின் ஆளைப் பார்க்கிற கதை, கூண்டு, ஒரே ஒரு குறை எண். அவன் பனியனோடு உட்கார்ந்து, விசிறி மட்டையால் தொடையைத் தட்டிக்கொண்டே கேட்டான்.

"இல்லாத குறைய எப்படிப் போய்ச் சொல்றது கோதை? பொய் சொல்லோணுமா நானு?"

"பொய்யின்னே வெச்சுக்குங்க. ஒரு பொய் சொன்னா என்ன கெட்டுப்போகுது?"

"பாவம், அந்த டாக்டரு ராத்திரி பகலாப் பாத்தாரு. அவரு மேலயா போய்ச் சொல்றது?"

"டாக்டருக்குப் பாவம் பாருங்க, கம்பெனிக்குப் பாவம் பாருங்க, கடையில வந்து எச்சக் கையோட போர்வையத் தொட்டுப் பாக்கறவனுக்குப் பாவம் பாருங்க. எனக்கு? எனக்கு யாரு பாவம் பாக்கறது?" அவள் குரல் கீழ்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். "மண்டில மூட்ட எறக்கற மனுசன் இப்படித்தான் ஒண்ணும் சொல்லாமச் செத்துப்போனாரு. மாரப்பன்னு பேரு. அவரு சம்சாரம் வந்து என்னையக் கும்புட்டுட்டுப் போகுது!"

சென்னியப்பனின் கையில் இருந்த விசிறி நின்றது.

"மாரப்பனா? மஞ்ச மண்டி மாரப்பனா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குப் பக்கத்துக் கட்டில்லதான் இருந்தாரு. ஆசுபத்திரித் துணிக்குள்ளகூட மஞ்ச வாசம் அடிக்கும் அவர்கிட்ட. அவருக்கு வந்த சாத்துக்குடியெல்லாம் உரிச்சு எனக்குத்தான் குடுப்பாரு." அவன் விசிறியைக் கீழே வைத்தான். பிறகு, "காலைல கூண்டுக்கு வர்றேன்" என்றான்.

காலையில் வரவேற்புக் கூடத்தில் கேடய விழாவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பன் துவைத்த வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்திருந்தான். கூண்டுக்குள் போய்க் கூச்சத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். கதவைச் சாத்தாமல் பூங்கோதை வெளியே நின்றாள். திரையில் வெளிச்சம் வந்தது. இனிமையான பெண் குரல் ஒன்று வணக்கம் சொல்லி, குறையைச் சொல்லச் சொன்னது.

சென்னியப்பன் தொண்டையைச் செருமினான். அவன் இட்டுக்கட்டி ஏதாவது சொல்லப் போகிறான், அதையும் சொதப்பப் போகிறான் என்று பூங்கோதை நினைத்துக்கொண்டிருந்தாள்.

"கார்த்திக தீபத்தன்னிக்குத்தானுங் மொதல்ல வந்துது. மொட்ட மாடிக்கு வெளக்கு வெக்கப் போனேன். ஏழாவது படியில மூச்சு நின்னுபோச்சு. வெளக்க அங்கயே வெச்சுட்டு, காத்துல அணஞ்சுபோச்சுன்னு ஊட்ல பொய் சொன்னேன்." அவன் நிறுத்தி மூச்சு விட்டான். "அப்பறம் கடையில டபுள் போர்வய விரிக்க முடியல. பெரிய பார்ட்டி வந்தா, ஒண்ணுக்குப் போறேன்னு சொல்லிட்டு ரேக்குக்குப் பின்னால போய் உக்காந்துக்குவேன். ராத்திரி படுத்தா நெஞ்சுல யாரோ ஏறி உக்கார்ற மாதிரி இருக்குது. தலகாணிய நட்டு வெச்சு ஒக்காந்தே தூங்கறேன். கேட்டா வேர்க்குதும்பேன்."

பூங்கோதை கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாலு மாசம். ஒரே வீடு, ஒரே கட்டில்.

திரையில் இருந்த குரல் கேட்டது: "இதை ஏன் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை?"

"மெசேஜ் வரலீங்களே" என்றான் சென்னியப்பன். "வரலீன்னா வால்வு நல்லாருக்குதுன்னு அர்த்தம். அப்ப நோவு எம் மனசுலதான் இருக்குதுன்னு நெனச்சுட்டேன்."

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப் பையில் ஃபோன் ஒலித்தது. இயந்திரம் ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டது, இந்த ஆள் குறை சொல்லப் போகிறவன் என்று. வால்வின் முழு விலையும் வந்துவிட்டது. திரையில் பச்சை எழுத்து தெரிந்தது: உங்கள் குறை தீர்ந்தது. நன்றி.

பூங்கோதை உள்ளே ஓடி ஃபோனைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. "மாமா, மெசேஜ் வந்துருச்சு! எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். இதக் காட்டினா இன்னிக்கே அட்மிஷன். எந்திரிங்க மாமா!"

சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை.

"குறை எண் விழுந்துதா?"

"அது எதுக்கு இப்ப? உங்களுக்குத்தான் மெசேஜே வந்துருச்சே."

"எண் விழுந்தாத்தானே மத்தவங்களையும் கூப்புடுவாங்க? நேத்து நீதானே சொன்ன?"

அவள் கையில் இருந்த ஃபோனைத் தாழ்த்தினாள். ராமாத்தாள், மாரப்பன், மீதி இருநூறு பேர் என்று நேற்றெல்லாம் ஆத்திரத்தில் வேகாளம் எடுத்துத் திரிந்தவள், ஃபோன் ஒலித்த அந்த நொடியில் அத்தனை பேரையும் மறந்திருந்தாள். அது அவளுக்கே தெரிந்து வெட்கமாக இருந்தது.

சென்னியப்பன் திரையில் எட்டிப் பார்த்தான். ஆயிரம் போர்வையில் நூல் விடுபட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிற கண் அது. கீழ் ஓரத்தில் கடுகு எழுத்தில் ஒரு வரி இருந்தது: முன்னீடு வேண்டாதவர் ஒரு நிமிடத்துக்குள் இங்கே தொடவும். பூங்கோதை அறிந்து அதை யாரும் தொட்டதில்லை. அவன் தொட்டான்.

"ஐயோ, என்ன காரியம் பண்ணீட்டீங்க!" என்று அவள் கத்தினாள்.

காசு திரும்பிப் போனது. குரல் மறுபடி வணக்கம் சொல்லி, குறையைச் சொல்லச் சொன்னது. அவன் கார்த்திகை என்று ஆரம்பித்ததுமே ஃபோன் ஒலித்தது. குறை தீர்ந்தது, நன்றி. அவன் தொட்டான். மறுபடி வணக்கம். இந்தத் தடவை அவன் வாயைத் திறந்ததற்கே காசு வந்துவிட்டது. தோரணம் கட்டுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். படியில் பெனாசிர் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் திருஞானமும் நின்றார்.

மூன்றாம் தடவையும் தொட்டுவிட்டுச் சென்னியப்பன் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினான். அடிக்கவில்லை, கதவு தட்டுகிற மாதிரி மரியாதையாகத்தான் தட்டினான்.

"ஏனுங், நான் இன்னும் சொல்லி முடிக்கலீங்" என்றான். அவனுக்கு மூச்சு இரைத்தது. உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது.

பூங்கோதை தன் மேஜைக்குப் போனாள். பிரிண்டரில் இருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவிக்கொண்டு வந்து, கூண்டுக்குள் புருஷன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். தாளை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

"பூங்கோதை, வேண்டாம்மா" என்றார் திருஞானம்.

"மெஷின் வேலை செய்யல சார். நீங்களே பாத்தீங்களே" என்றாள் அவள், அவரைத் திரும்பிப் பார்க்காமலே. "பெனாசிர், ஆம்புலன்சுக்குச் சொல்லு. இதோ எண்ணோட வர்றோம்னு சொல்லு."

பெனாசிர் ஃபோனை எடுத்தாள். திருஞானம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தாளின் தலையில் பூங்கோதை எழுதினாள்: குறை எண் 1. பெயர், வயது, வால்வின் தொகுதி. குறை சொல்பவருக்கு அலுவலர் என்ன உறவு என்ற இடத்தில் மனைவி என்று எழுதினாள். பிறகு, "சொல்லுங்க" என்றாள்.

அவன் சொன்னான். மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுத்தான். ஏழாவது படி, டபுள் போர்வை, ரேக்குக்குப் பின்னால் உட்கார்ந்தது, நட்டு வைத்த தலையணை எல்லாம் சொன்னான். பக்கத்துக் கட்டிலில் இருந்த மாரப்பனுக்கும் அதே மாதிரிதான் இருந்திருக்கும், அவருக்கும் கேட்க ஆள் இல்லை என்றும் சேர்த்து எழுதச் சொன்னான். அவள் ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

பழைய காலத்தில் மனு எழுதி முடித்ததும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கை வழக்கத்தில் அதையும் கேட்டாள்.

"வேற ஏதாச்சும் குறை இருக்குதுங்களா?"

சென்னியப்பன் அவளைப் பார்த்தான். இல்லை என்றுதான் சொல்லுவான், எப்போதும் அதைத்தான் சொல்லியிருக்கிறான்.

"இருக்குது" என்றான். "மெசேஜ் வரலீன்னு எத்தனையோ தரம் நீ எனக்குச் சொன்ன. உங்களுக்கு எப்படியிருக்குதுன்னு நேத்து வரைக்கும் ஒருக்காக்கூட நீ கேக்கல."

பேனா கொஞ்ச நேரம் தாளின்மேல் அப்படியே நின்றது. பிறகு பூங்கோதை அதையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.